டப்பாவில் வைத்த போன்

அண்ணன் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கருமாதிக்கு மாலை போட ஒரு போட்டோ இல்லை. ஓட்டு அட்டையில் இருந்த முகம் யாருடையதோ மாதிரி இருந்தது. அவனுடைய கேமரா போன் என்னிடம் வந்துவிட்டது. அதில் மாடு இருந்தது, திண்டிவனம் பஸ் இருந்தது, கண்ணை மூடியபடி நான் மூன்று தடவை இருந்தேன். அவன் இல்லை. படம் பிடித்ததெல்லாம் அவன்தானே.

2006. உப்பளத்தில் நான் கூடை சுமந்துகொண்டிருந்தேன். லாரி ஏற்றுகிற ஆட்களுக்கு அவன் மேஸ்திரியாக இருந்தான். காய்ச்சலென்று படுத்தான், நாலாம் நாள் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விட்டேன். போனதற்குச் சிலர் பேசினார்கள். பேசட்டும்.

அந்தப் பன்னிரண்டாம் நாள் காலை லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்கண்ணன ஒரு வாட்டி வீடியோ புடிச்சேன். பாக்குறியா?"

உப்பு அம்பாரத்தின் மேல் அண்ணன் நின்றான். "யோவ், போன உள்ள வையிய்யா! மொதல்ல தார்ப்பாய அவுரு!" அவ்வளவுதான் வீடியோ.

"எனக்கு அது வேணும்ணே."

"எடுத்துக்கோ. என் போன்ல எடமே இல்ல, எதையாவது அழிச்சாத்தான் ஆவும். ப்ளூடூத்ல அனுப்பிடறேன், வயரே வேணாம்."

இரண்டு போனிலும் ப்ளூடூத்தைப் போட்டோம். அவருடையது தேடி என்னுடையதைக் கண்டுபிடித்தது. இரண்டிலும் ஒரே நம்பரை அடிக்கச் சொன்னது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி, "என்னாடி, ரெண்டு போனுக்கும் நிச்சயதார்த்தமா?" என்றாள். சிரித்தார்கள். திரையில் ஒரு பட்டை எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தது.

புது மேஸ்திரி கத்தினான். "அங்க என்னா கூட்டம்? வெயில் ஏறுதுல்ல?"

டிரைவர் போனை லாரியின் முன்கண்ணாடி ஓரம் வைத்தார். நான் தினமும் செய்வதைச் செய்தேன். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, மூடியை அழுத்திக் கொக்கியை மாட்டினேன். அளத்தில் போன் வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான். வெளியே வைத்தால் உப்புக் காற்று தின்றுவிடும். டப்பாவுக்குள் இருக்கும்போதும் கால் வந்தால் மணி அடிக்கும். அப்படியானால் வீடியோவும் உள்ளே வந்துவிடும் என்று நினைத்தேன். லாரிக்கும் டப்பாவுக்கும் நாலு எட்டுதான் தூரம்.

லோடு முடிந்து லாரி போய்விட்டது. மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். போனில் ஒன்றும் இல்லை. டிரைவருக்குப் போன் போட்டேன்.

"பட்டை மறைஞ்சிடுச்சும்மா. இங்கிலீஷ்ல என்னவோ வந்துது, ஓகே அமுக்கினேன். போயிடுச்சின்னு நெனச்சி..."

"நெனச்சி?"

"அழிச்சிட்டேன்."

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்காரர், "எதுல வச்சிருந்தீங்க?" என்றார். சொன்னேன். சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ப்ளூடூத்தும் ரேடியோ அலைதானாம். ஆனால் டவரோடு பேசும்போது போன் கத்துகிறது, மூடி இடுக்கிலும் அது நுழைந்துவிடும். ப்ளூடூத் கிசுகிசுக்கத்தான் செய்யும். பேட்டரி தீராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பத்து மீட்டர் போனால் பெரிது. தகரம், எவர்சில்வர் எல்லாம் அதைத் திருப்பி அடித்துவிடும். நடுவில் ஆள் நின்றாலே குறையும், உடம்பில் இருக்கிற தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். வீடியோவைத் துண்டு துண்டாகத்தான் அனுப்புமாம். ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பக்கம் 'வந்தது' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு விட்டுவிடும்.

"மூடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வந்துதே. அதாவது இருக்காதா?"

"முழுசா வந்தாத்தாம்மா போன் வச்சுக்கும். இல்லன்னா தூக்கிப் போட்டுடும்."

"டிரைவர் போன்லேர்ந்து எடுக்க முடியாதா?"

"அழிச்சத என்னால எடுக்க முடியாதும்மா."

ஓட்டு அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாலை போட்டோம். அம்மா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "யாருடி இது?" என்றாள். நான் பந்திக்கு இலை போடப் போனேன்.

அடுத்த லோடுக்கு டிரைவர் வந்தபோது என் பக்கமே திரும்பவில்லை. நான்தான் போனேன்.

"ப்ளூடூத்தப் போடுண்ணே."

"என்னாத்தம்மா அனுப்புறது?"

"எதையாவது அனுப்பு."

இந்தத் தடவை போன் என் உள்ளங்கையில் இருந்தது. இரண்டு போனும் ஒன்றையொன்று மறந்திருக்கவில்லை, நம்பர்கூடக் கேட்கவில்லை. பட்டை நகர்ந்து முடிந்தது. போட்டோவில் அவருடைய லாரியின் முன்பக்கம், பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி. ஓரம்கூடக் குறையாமல் வந்திருந்தது.

"வந்துதா?" என்றார்.

"வந்துது" என்றேன். போனை டப்பாவில் போட்டு மூடிவிட்டுக் கூடையைத் தூக்கினேன்.