சத்தம் மட்டும் கேட்ட அருவி

புகை போட்டுக் காய வைத்த ரப்பர் "ஷீட்டு" ஏற்றுகிற லாரியின் பலகையில் ஒருமுறை உட்கார்ந்தால் போதும், அந்த நாற்றம் பாவாடையில் ஏறிக்கொண்டு எத்தனை துவைத்தாலும் போகாது. சிகாமட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தீபாவளிக்கு மறுநாள் அந்த லாரியை ஆட்கள் எடுத்துக்கொண்டு வெளியே போய் வரலாம் என்று வெள்ளைக்காரத் "தொரை" அதிசயமாகச் சம்மதித்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. பொழுது விடியும் முன்பே நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் வந்து நின்ற லாரியில் முதல் ஆளாக ஏறி, அந்த நாற்றத்தைச் சந்தனம் மாதிரி மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போகிற இடம் லேடாங் மலையடிவாரத்துக் காட்டு அருவி. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் அதிகம் சொன்னது அம்மாதான். அவள் பாலுக்கு ரப்பர் மரம் சீவுகிற மேட்டிலிருந்து பார்த்தால் விடியலில் அந்த மலை நீலமாகத் தெரியும். "அதுக்குள்ள எங்கியோ தண்ணி கொட்டுதாம்டி, ஒரே ஒரு தடவ அதுல தலைய நனைச்சிட்டு வந்துடணும்" என்பாள். நகை கேட்காத, புடவை கேட்காத அம்மா வாய்விட்டுக் கேட்டு நான் அறிந்தது அது ஒன்றுதான்.

செம்மண் சாலையில் லாரி குதித்துக் குதித்துப் போனது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கிய பிறகு எதிரே ஒரு வண்டி கிடையாது, ஒரு மனிதன் கிடையாது. வழியில் யானைச் சாணத்தைப் பார்த்ததும் டிரைவர் பாக் சாலே "அலமாக்!" என்று பதறி லாரியை நிறுத்தி, காட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் பயப்படவில்லை. எட்டி எட்டி மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காட்டு முகப்பில் ஒரு பெரிய மரம், அடியில் சூலம் நட்ட முனியாண்டி. எங்கள் ஆட்கள் எந்தக் காட்டுக்குள் போனாலும் முகப்பில் இருக்கிற முனியாண்டிக்குச் சோறும் கோழியும் படைக்காமல் தாண்ட மாட்டார்கள். லாரியை விட்டு இறங்கியதுமே கங்காணி சட்டம் சொல்லிவிட்டார்: "படையல் முடியாம ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாது." சரி, நியாயம். ஆனால் குளிக்காதவன் படையலைத் தொடக் கூடாது என்று இன்னொரு சட்டமும் இருந்தது. பெண்கள் எல்லாரும் இருட்டோடேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்தோம். ஆண்கள் அருவியில் குளித்துக்கொள்ளலாம் என்று அழுக்கு வேட்டியோடு வந்திருந்தார்கள். ஆகவே குளிக்காத ஆண்கள் குளிக்க உள்ளே போகலாம், குளித்த பெண்கள் வெளியே நின்று சமைக்க வேண்டும் என்று ஆயிற்று! இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு இன்றுவரை பற்றிக்கொண்டு வருகிறது.

அடுப்பை மூட்டப் போவது யார் என்ற பேச்சு வந்தபோது கங்காணியின் மனைவி அம்மாவைத்தான் கைகாட்டினார். "நீதான் கைராசிக்காரி, நீ மூட்டு." சாமி அடுப்பை மூட்டியவள் படையல் இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அம்மாவுக்கும் தெரியும். அடுப்புக் கல்லுக்கு முன்னால் குந்திவிட்டாள்.

மழைக்கால விறகு. ஊதி ஊதி அவள் கண் சிவந்தது. மரங்களுக்கு அப்பால் "ஓ"வென்று தண்ணீர் விழுகிற சத்தம், பேச்சை நிறுத்தினால் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய அப்பாவிடம், "சத்தம் இம்புட்டுக் கிட்ட கேக்குதே?" என்றாள்.

"காட்டுல அப்படித்தான் ஏமாத்தும். ரொம்ப தூரம், ஒரே ஏத்தம், அட்டை வேற. பொம்பளைங்களால ஆவாது. படையல் முடியட்டும், மெல்லக் கூட்டிட்டுப் போறேன்."

சின்னப் பிள்ளைக்குச் சட்டம் இல்லை என்று என்னையும் வரச் சொன்னார். அம்மா வந்தால்தான் போவேன் என்று நான் அடுப்பருகிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

போனவர்கள் வருவதாகவே இல்லை. சோறு வெந்தது, கோழி வெந்தது, அடுப்பு அணைந்தது. சாமிக்குப் படைக்கிற சோற்றை நாங்கள் தொடவும் முடியாது. வயிறு காய, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம். வெகு நேரம் கழித்து, தலைமுடி ஈரத்தோடு, சிரித்துக்கொண்டு வந்தார்கள். படையல் போட்டு, சூடம் காட்டி, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறபோது வானம் கறுத்துவிட்டது.

அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "இப்பப் போலாமா?"

அப்பா வாயைத் திறக்கும் முன் பாக் சாலே "செப்பாட்! செப்பாட்!" என்று லாரியின் கதவைத் தட்டி அவசரப்படுத்தினார். மழையில் வழியிலுள்ள ஆறு ஏறினால் அதன் பலகைப் பாலம் முழுகிவிடும், பிறகு இரவெல்லாம் யானைக் காட்டில் கிடக்க வேண்டியதுதான். எல்லாரும் அடித்துப் பிடித்து ஏறினோம். மழை கொட்டியது. நான் லாரியின் தகரத்தைக் காலால் உதைத்து உதைத்து அழுதேன். அம்மா என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "விடுடி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள்.

அடுத்த வருஷம் ரப்பர் விலை விழுந்து பாதி ஆட்களுக்கு வேலையே இல்லை. லாரியை யார் கேட்பது? அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே காய்ச்சலில் அம்மா போய்விட்டாள்.

போன மாதம் என் மகன் காரில் அங்கே அழைத்துப் போனான். எங்கள் தோட்டம் இருந்த இடம் முழுக்க எண்ணெய்ப் பனை. லயம் இருந்த அடையாளம்கூட இல்லை. மலையடிவாரத்தில் முனியாண்டியும் இல்லை, அந்த மரமும் இல்லை; அங்கே கார் நிறுத்துகிறார்கள். வேலை நாளானதால் கூட்டம் இல்லை. "தூரமா இருக்கும்மா, உங்களால ஏற முடியாது, இங்கேயே சாமானப் பாத்துக்கிட்டு இருங்க" என்றான் மகன். சாமானை அப்படியே போட்டுவிட்டு, என் முட்டி வலியோடு நடந்தேன்.

ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. இரண்டு வளைவு, ஒரு பாறை, அவ்வளவுதான்; முகத்தில் சாரல் அடித்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கு உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அம்மா எழுந்து நடந்திருந்தால், தலையை நனைத்துக்கொண்டு சோறு வேகும் முன் திரும்பியிருக்கலாம்.