கோழிக்குக் கல் பொறுக்கப் போன ஞாயிறுகள்

பிள்ளைகளே, கொல்லை மூலையில் இருக்கும் சட்டியில் எதற்குக் கிளிஞ்சல் துண்டும் கல்லும் என்று கேட்டீர்கள். சின்னவனுக்கு அம்மாவின் முகமே நினைவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

உங்கள் அம்மா ராயபுரம் கடற்கரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். துறைமுகத்தில் எனக்கு வேலை நிலைத்ததும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் இந்தச் சிமிட்டித் தரை வீட்டுக்கு வந்தோம். தாய்வீட்டுச் சீராக ஒரு சிவப்புப் பெட்டைக்கோழியும் கூட வந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவளுடைய தாயார் காலமானார்கள். குடிசையையும் அலை கொண்டுபோயிற்று. அந்தக் கோழி ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

புது வீட்டை எப்படி வைத்திருந்தாள் தெரியுமா! கொல்லையில் ஒரு பொட்டு மண் தங்காது. கோழி அவிழ்த்துவிட்டபடிதான் திரியும், ஆனால் சந்துகூடக் கல் பாவியது. நெல்லைத் தட்டில் வைப்பாள்.

சில மாதத்தில் கோழி இறகைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. கழுத்தடியில் இரைப்பை பந்துபோல் கெட்டிப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அது பூட்ச்சுமே. உசுரு போறதுக்குள்ள அறுத்துக் கொயம்பு வெய்யி. எனுக்கும் ஒரு கிண்ணம் குடு."

"உன் நாக்குல கொள்ளிய வெக்க! எங்காத்தா குட்த்த கோயி இது," என்றாள் அம்மா.

அன்று கோழியின் எச்சத்தைக் கூட்டப்போனவள் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாய்யா இது, நெல்லு நெல்லாவே வந்துகீது! கோயிக்குப் பல்லா கீது? கல்லு முயுங்கினாத்தான் உள்ள அரையும். நான் அல்லாத்தியும் பெருக்கித் தள்ளிக்கினு இருந்துட்டேனே."

மறுநாள் வேலை விட்டு வரும்போது துண்டில் மணல் முடிந்து கொண்டுவந்தேன். விரலில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"மாவு மேரி கீது. இது வய்த்துல நிக்குமா? வுடு, நானே வரேன் கடலாண்ட."

ஞாயிறு வரைக்கும் நல்லெண்ணெய் சொட்டு சொட்டாக ஊற்றி, அந்த இரைப்பையை மெதுவாக நீவிக்கொண்டே இருந்தாள். ஞாயிறன்று மாதா கோவிலில் பூசை முடிந்ததும் நேரே கடற்கரை. அலை ஒதுக்குகிற வரிசையில் துவரம்பருப்பு அளவுக் கல்லும் உடைந்த கிளிஞ்சலுமாக முந்தானையில் சேர்த்தாள். முந்தானை நிறைந்துவிட்டது. அப்புறமும் குடிசை இருந்த இடத்தில், காலில் அலை பட, நின்றாள்.

"வாமே, வெய்யிலு ஏறுது."

"இரு, இன்னும் ரவ பொறுக்கிக்கினு வரேன்."

அவள் குனியவே இல்லை.

நல்ல தண்ணீரில் அலசி அந்தச் சட்டியில் வைத்தாள். முதலில் ஒரு கல், பிறகு ஒரு கிளிஞ்சல் என்று கோழி கொத்தியது. சில நாளில் இரை எடுத்தது. எச்சத்தில் நெல் இல்லை. பிறகு முட்டையும் இட்டது.

"என் கொயம்பு போச்சே," என்றாள் பக்கத்து வீட்டம்மாள். அம்மா ஒரு முட்டையை அவள் கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோவில் வாசலில், "கோயிக்குக் கல்லு தீந்துபூச்சுய்யா" என்பாள். ஒருநாள் சட்டியைப் பார்த்தேன். விளிம்பு வரை இருந்தது. அன்றும் கூடவே போனேன்.

இப்போது அவளும் இல்லை, அந்தக் கோழியும் இல்லை. நீங்கள் துரத்துகிறவை அதன் பேரன் பேத்திகள். சட்டி நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் நாளைக்குப் பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போவோம். சின்னவன் ஏன் என்று கேட்டால், கோழிக்குக் கல் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.