உப்புப் போடாத தொட்டி

தொட்டிக்குள் கிடக்கிற மீனுக்கு, வெளியே மழை வரப்போவது எப்படித் தெரியும்? பசுமலை பஞ்சர் கடை வாசலில் நின்று பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் தெரியாது. கடைக்காரர் நல்லகாமன் இந்தக் கேள்வியைக் காதில் வாங்குவதே இல்லை. சமணமலைப் பக்கம் மேகம் கருத்தால் போதும், கையிலிருக்கும் டியூபைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துவிடுவார்.

"அண்ணே, என் சக்கரம்?" என்பார் வந்தவர்.

"சக்கரம் எங்கிட்டுப் போயிரும்? இந்தா வாரேன்."

வீட்டில், சன்னலோரக் கண்ணாடித் தொட்டியில், அவருடைய மீன்கள் அதற்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். பானையில் குளிர்ந்த தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றுவார். புது வெள்ளம் வந்துவிட்டது என்று நினைத்து அவை இன்னும் துள்ளும். கட்டைவிரல் நீளம், வெண்கல நிறம், வாயோரம் மீசை. எந்நேரமும் தரையைத்தான் மேயும். விற்கிற கடையில் அதற்குக் கோரிடோரஸ் என்று பெயர். நல்லகாமன் வாயில் அது நுழையவில்லை; மீசைக்காரன் என்றுதான் சொல்லுவார். அவர் மனைவி முத்துத்தாய் வைத்த பெயர் வேறு: "கொழம்புக்கு ஆகாத அயிரை."

குளிர்ந்த தண்ணீர் ஏறினால்தான் முட்டையிடும். பெட்டை மீன் அந்த முட்டையைத் துடுப்பில் அணைத்துக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டும். பிளேடால் சுரண்டினால் உடைந்துவிடும். நல்லகாமனுக்குப் பிளேடு வேண்டாம். விரலில் காய்ந்த பஞ்சர் பசையை நாள் முழுக்க உருட்டி உருட்டி எடுக்கிற பெருவிரல் அவருக்கு. அதே உருட்டலில் முட்டையும் முழுசாகக் கழன்று வரும். அதை ஆற்றுமணல் பரப்பிய அகலமான மண்தொட்டியில் விடுவார். கரண்டு போனாலும் தண்ணீரில் காற்று நிற்கக்கூடாது என்பதற்காக, காற்றடைத்த லாரி டியூபிலிருந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்று அதற்குள் போகும். கடையில் குமிழி கண்டால் அடைக்கிறவர், வீட்டில் குமிழி நின்றால் பதறிப்போவார்.

இத்தனை செய்தும் குஞ்சு தங்கவில்லை. பொரித்ததும் நூல் துண்டு போல வாலை ஆட்டும். வயிற்றிலிருக்கும் கரு கரைந்து, இனி வாயால் தின்ன வேண்டும் என்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகச் சுருண்டு படுத்துவிடும். எத்தனையோ முறை பொரித்தும் ஓர் ஈடுகூட மிஞ்சியதில்லை. டவுனில் மீன் கடை வைத்திருக்கும் சவரியப்பனிடம் போய்ச் சொன்னால், அவர் ஒவ்வொரு முறையும் உப்புப் போடுகிறீர்களா என்று கேட்டு, கல்லுப்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தனுப்புவார். எல்லா மீனுக்கும் எல்லா நோய்க்கும் அவரிடம் இருந்த மருந்து அது; நல்லகாமனும் தவறாமல் போடுவார். "நம்மூருத் தண்ணியில இது நிக்காதுய்யா. இதெல்லாம் கல்கத்தாவுல இருந்து ரயில்ல வாரது" என்று ஆறுதலும் சொல்லுவார்.

அந்த ஐப்பசியில் மகளுக்குத் தையல் மிஷின் வாங்கியாகிவிட்டது. வெளிச்சம் வருகிற சன்னலோ ஒன்றே ஒன்று. இந்த ஈடும் போனால் தொட்டியை விற்றுவிட வேண்டும் என்று முத்துத்தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் பக்கம் நியாயம் இருந்தது. நல்லகாமன் தலையாட்டிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துத்தாய் அயிரை வாங்கி வந்திருந்தார். உயிரோடு நெளிகிற அயிரையை மண்சட்டியில் கொட்டி, ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டார். சட்டிக்குள் மீன்கள் படபடவென்று அடித்து, அடங்கின. அதே நேரத்தில், முந்தின நாள் பொரித்த குஞ்சுகளின் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் மாற்றுவதற்காக நல்லகாமனும் உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வந்தார்.

முத்துத்தாய் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஒரு கை, ஒங்களுக்கு ஒரு கை. நான் கொல்லப் போடுறேன். நீங்க எதுக்குப் போடுறீக?"

கேலியாகத்தான் கேட்டார். நல்லகாமன் சட்டியைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். அவருடைய மீனும் அயிரை போலத் தரையில் மேய்கிற, செதிலில்லாத மீசைக்காரன்தான். அடுப்படிக்குப் போய், பொட்டலத்தை உப்புச் சாடிக்குள் கொட்டிவிட்டு வந்தார்.

ஓட்டிலிருந்து வழிந்த மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். குஞ்சுகளின் கரு கரைந்தது. ஒன்றும் சுருளவில்லை. வேகவைத்த மஞ்சள்கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து விட்டார், தின்றன. மிச்சம் அழுகாமல் உடனே உறிஞ்சி எடுத்தார். முத்துத்தாய் இரண்டு மூன்று நாள் குனிந்து பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, தையல் மிஷினைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கேயும் வெளிச்சம் நன்றாகத்தான் வருகிறதாம்.

சவரியப்பன் சேதியை நம்பவில்லை. நேரில் பார்த்துவிடுவதென்று ஸ்கூட்டரில் பசுமலைக்கே வந்துவிட்டார். மண்தொட்டியின்மேல் குனிந்தார்.

"எங்கய்யா குஞ்சு? வெறும் மணலுல்ல கெடக்கு."

நல்லகாமன் மஞ்சள்கருவில் ஒரு துளி விட்டார். மணல் எழுந்து நடந்தது. தொட்டியின் தரை முழுவதும் அசைந்து, புரண்டு, அந்த ஒரு துளியை நோக்கி ஓடிவந்தது. அத்தனையும் குஞ்சு. அத்தனைக்கும் மீசை.

சவரியப்பன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். கல்கத்தாவை மறந்துவிட்டார். அத்தனையையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒன்றைப் பிடித்துப் பார்க்கத் தண்ணீருக்குள் கையை விடப் போனார். அதற்குள் முத்துத்தாய் சுளகை எடுத்துத் தொட்டியை மூடி, அதன்மேல் தன் கையை ஊன்றிக்கொண்டார்.

"இன்னும் வளரணும்ண்ணே. ஒரு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ஒங்க கடைக்கு வார ஆளுககிட்ட உப்பு வேணாம்னு சொல்லிருங்க."

அவர் சொல்லுவாரோ மாட்டாரோ. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது மீசை மீன் வளர்த்தால், நீங்கள் சொல்லிவிடுங்கள்.