நீர்நாய் ராணி சாகவில்லை

அடுத்த வீட்டு மாலதி, தான் படிக்கும் விலங்குக் கதையின் அடுத்த பாகத்தில் ஓநாயைக் கொல்லக் கூடாது என்று எழுத்தாளருக்கே கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தாள். "செத்துச்சுன்னா சும்மா உட மாட்டேன்" என்றாள்.

எனக்கு 1944 நினைவுக்கு வந்தது. சிதம்பரத்தில் நானும் அக்கா சரோஜாவும் ஒரு மாதப் பத்திரிகையில் நீர்நாய் ராணியின் தொடர்கதையைப் படித்துவந்தோம். நாங்கள் படித்ததும் அந்த ஒரே பிரதியை மாமா தன் பிள்ளைகளுக்காகக் கடலூருக்கு ரயிலில் எடுத்துப்போவார்.

காகிதத் தட்டுப்பாட்டால் அடுத்த இதழோடு கதை முடியும் என்று அறிவித்தார்கள். ராணியோ வலையில் சிக்கியிருந்தாள். அவளைக் காப்பாற்றச் சொல்லி அக்கா ஆசிரியருக்குக் கார்டு எழுதினாள்.

"யுத்தத்துல ஒலகமே சாவுது, ஒங்களுக்கு நீர்நாய் கவலையா?" என்று மாமா சிரித்தார்.

"அதுவாச்சும் பொழைக்கட்டுமே மாமா" என்றாள் அக்கா.

பதில் வரவில்லை. கடைசி இதழில் ராணி செத்துப்போனாள். அக்கா அந்தத் தாளைக் கிழித்தாள். ராணி வலையைக் கடித்து அறுத்துக்கொண்டு கழிமுகத்துக்குள் நீந்திப் போனதாக வேறு தாளில் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். "தாள் கிழிந்துவிட்டது, பார்த்து எழுதியிருக்கிறோம்" என்று மேலே ஒரு வரி சேர்த்தாள். மாமாவே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கடலூரில் அதையே முடிவென்று நம்பினார்கள். நாங்கள் இன்றுவரை திருத்தவில்லை, திருத்தப் போவதுமில்லை.