நான் கழித்துப் போட்ட முதுகு

என் வேலை கழிப்பது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில், சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பார்த்து நல்லது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம் என்று பிரிக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதேதான். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் போதும். நல்ல கட்டை கணீரென்று பேசும். விரிசல் விழுந்தது சளி பிடித்தவன் மாதிரி மொத்தையாகப் பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட என் காதுக்குத் தப்பாது. சுட்ட பீங்கானில் விரிசல் விழுந்தால் விழுந்ததுதான், ஒட்டவும் முடியாது, திரும்பக் கரைக்கவும் முடியாது. பின்பக்கக் குவியலில் வீசிவிட்டு அடுத்ததை எடுப்பேன். நான் வீசியதை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

என் வீட்டுக்காரர் அதே யூனிட்டில் சூளைக்கு லோடு ஏற்றுகிறவர். சுடாத கட்டைகளை அடுக்கிய பலகையைக் குனிந்து தூக்கி டிராலியில் வைக்க வேண்டும். டிராலி நிறைந்ததும் சூளைக்குள் தள்ள வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற மனுஷன், இடுப்பு வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. வலி வந்தது எனக்கு.

ஒரு காலை, கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் எதுவோ பிடித்தது. அப்புறம் ஏழு மாதம் அது என்னை விடவே இல்லை. உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி, படுத்தால் எழுந்திருக்கும்போது வலி. நடந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. யூனிட்டில் மேஜைக்கு முன்னால் நின்றபடி வேலையை ஒப்பேற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். டீவி பார்ப்பதும் நடந்துகொண்டேதான். என்னால் சீரியல் பார்க்கிற நிம்மதியும் போயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரி வருவதையே நிறுத்திவிட்டாள்.

பார்க்காத வைத்தியம் இல்லை. தைலம், ஒத்தடம், ஊசி, இடுப்பு பெல்ட். கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மூன்று தடவை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்தவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். அவரும் சாமி கும்பிட்டுவிட்டு, கூச்சத்தோடு, மூன்று மிதி மிதித்தார். பிடிப்பு விடவில்லை. அவரைப் பார்த்தால் நான்தான் இப்போது வேறு தெருவில் திரும்பிக்கொள்கிறேன். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "தேய்மானம். குனியாதீங்க, வெயிட்டு தூக்காதீங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? விரிசல் விழுந்துவிட்டது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். அன்றிலிருந்து குனியவே இல்லை. கீழே விழுந்த கரண்டியைக் கால் விரலால் கவ்வி எடுத்தேன். "கொக்கு மீன் புடிக்குது" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நேரத்தில்தான் ஒரு பெண் எங்கள் யூனிட்டுக்கு வந்தாள். மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு படிக்கிற டாக்டர். செராமிக் வேலை செய்கிறவர்களின் இடுப்பு வலி பற்றி ஆராய்ச்சி. கையில் ஒரு கட்டுக் காகிதம். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். நான் உட்கார முடியாது என்று நின்றுகொண்டே பதில் சொன்னேன்.

"வலி எவ்ளோ இருக்குதும்மா? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"எட்டுன்னு எழுதிக்கம்மா. நீ கேள்வி கேக்கறத நிறுத்துனா ஏழு."

அவள் சிரித்துக்கொண்டே எட்டு என்று எழுதினாள். அவளுடைய தாளில் இரண்டு பக்கம் பிரித்திருந்தது. ஒரு பக்கம் வலி உள்ளவர்கள், இன்னொரு பக்கம் வலி இல்லாதவர்கள். இரண்டு தரப்புக்கும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்களாம். வலி உள்ளவர்கள் வரிசையில் நின்றார்கள். வலி இல்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. "எங்க வூட்டுக்காரர எழுதிக்க. அவருக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது" என்று நான்தான் பெயர் கொடுத்தேன். அவர் டிராலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஸ்கேனுல போட்டா நல்லா விழுமாம்மா?" என்று கேட்டார்.

அவள் கல்லூரிக்கு ஸ்கேன் எடுக்கப் போன அன்று இரண்டு பேருக்கும் இரண்டு கவர் கொடுத்தார்கள். அவர்களாகக் கொடுக்கவில்லை. "எங்க படத்த எங்க கையில குடுத்தாதான் ஆச்சு" என்று நான் சண்டை போட்டு வாங்கினேன். அந்தப் பெண் கவரைத் தரும்போது ஒன்றுதான் சொன்னாள். "நீங்களா பிரிச்சுப் பாக்காதீங்கம்மா. திங்கக்கெழம ரெண்டு பேரும் வாங்க, நானே வெளக்கமா சொல்றேன்." சரி என்று தலையாட்டினேன்.

திரும்பும் பஸ் சேத்தியாத்தோப்பில் பத்து நிமிஷம் நிற்கும் என்றார்கள். அவர் டீ குடிக்க இறங்கினார். மடியில் இரண்டு கவர். என் கைக்கு அரிப்பு. இருபத்திரண்டு வருஷம் எதையும் பார்க்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தவள் இல்லை நான். பிரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் என் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். முதுகெலும்பு அடுக்கடுக்காக நின்றது. எலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் வெளுப்பாக இருந்தன, அடியில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அவ்வளவுதானா? இதற்கா எட்டு? அடுத்த படத்தை எடுத்தேன். அதில் மூன்று தட்டு கறுத்து, இரண்டு பின்பக்கமாகப் பிதுங்கி நின்றன. கவர் மாறிவிட்டது, இதுதான் என்னுடையது என்று நினைத்தேன். ஓரத்தில் இருந்த வயதைப் பார்த்தேன், ஆணா பெண்ணா என்று பார்த்தேன். மாறவில்லை. அது அவருடையதுதான். கூடவே இருந்த ரிப்போர்ட்டில் பல்ஜ் என்றும் டீஜெனரேஷன் என்றும் வரிக்கு வரி இருந்தது. போனில் அர்த்தம் தேடினேன், பிதுக்கம் என்றும் சிதைவு என்றும் வந்தது.

அவர் ஒரு கையில் எனக்கு டீயும் மறு கையில் போண்டாவுமாக, பஸ் படியில் தாவி ஏறி வந்தார். அந்தத் தாவலைப் பார்த்ததும் டீயை வாங்காமலே சொல்லிவிட்டேன்.

"என்னாங்க, இனிமே நீங்க குனியக் கூடாது. முதுவு மூணு எடத்துல போயிடுச்சு. என்னுதவிட மோசம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. படத்தைக் காட்டி, இங்கே, இங்கே, இங்கே என்று விரலை வைத்தேன். கழிக்கிற கட்டையைக் காட்டுகிற அதே விரல். சிரிப்பு நின்றது. போண்டாவை என் மடியில் போட்டுவிட்டு, முன் சீட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஊர் வரும்வரை பஸ் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்தார். அதற்கு அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. என் பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். அது அவருக்கு எட்டவில்லை, கயிறு வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை வந்தது. பஸ்ஸில் தூக்கிப் போட்டால் இருக்கிற தட்டும் போய்விடும் என்று நாங்கள் போகவில்லை. வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் அவர் படுத்திருந்தார், நான் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். அவர் நடிக்கவில்லை. புரளும்போது முகம் சுருங்கும், வாயைத் திறந்து கத்தமாட்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவர்மேல்தான் கோபம் வந்தது. "இத்தினி நாளு இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். இரண்டாவது வாரம் யூனிட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் பக்கத்து ஊர் ஆள் ஒருவரை லோடுக்கு வைத்துக்கொள்வார்களாம். இந்த வயதில் இந்த வேலையை விட்டால் இவரை யார் வைத்துக்கொள்வார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

புதன்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துத் திகைத்துப்போனாள். முதலில் அவரைக் கேள்வி கேட்டாள். கால் மரத்துப்போகிறதா, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போவதில் சிரமமா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று ஒவ்வொன்றாக. எதுவும் இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தாள், பாதத்தை அழுத்தச் சொன்னாள். பிறகு படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதப் பாத்துட்டு இவருகிட்ட என்னம்மா சொன்னீங்க?"

சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். திட்டவில்லை. "இந்த வயசுல வலியே இல்லாத நெறைய பேருக்கு ஸ்கேன் இப்படித்தான் இருக்கும்மா. தல நரைக்கற மாதிரிதான் இதுவும். படத்துல தெரியறதுக்கும் வலிக்கும் நேர் கணக்கு கெடையாது. எந்த அளவுக்குப் பொருந்துது, பொருந்தலன்னு பாக்கத்தானே நாங்க ரெண்டு தரப்பையும் எடுக்கறோம்" என்றாள். பயந்து படுத்துக்கிடந்தால் வலி கூடத்தான் செய்யும், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும், குனியட்டும், வேலைக்கும் போகட்டும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் அதேதாம்மா" என்றாள்.

"அப்ப இவருக்கு இப்ப வலிக்கறது பொய்யா?"

"இல்லம்மா. நெசமாத்தான் வலிக்குது."

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். வலி இல்லாதவர்கள் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்து, எடுத்தாள். "இவர இப்ப எந்தப் பக்கம் எழுதறதுன்னே எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, எதுவும் எழுதாமல் மடித்து வைத்துக்கொண்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தத் தாளில் அவரை இடம் மாற்றியது நான்தான். சேத்தியாத்தோப்பில், ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள்.

அவள் போனதும், "கேட்டீங்க இல்ல? எழுந்திரிங்க" என்றேன். அவர் மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது சின்னப் பொண்ணு, நம்மளத் தேத்தறதுக்குச் சொல்லுது. நீ கழிச்ச பீஸு ஒண்ணாவது நல்லதா இருந்திருக்குதாடி? ஒன் கண்ணத் தெரியாதா எனக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பைக்கூட நேராகப் பாராட்டாத மனுஷன். இதையா பாராட்ட வேண்டும்! அன்றைக்கும் மறுநாளும் எத்தனை சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். கட்டிலைவிட்டு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வேலையை விடுவதாக இருந்தாலும் நேரில் வந்து சொல்லிவிடுங்கள் என்று பொய் சொல்லித்தான் கூட்டிப்போனேன். யூனிட்டில் டிராலி காலியாக நின்றது. பக்கத்தில் தரையில் பலகைகள் அடுக்கியிருந்தன. அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தேன். என் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகைக்கு எதிரே நின்றேன்.

"ஏய், என்னா பண்ற?"

எனக்குப் பயமாக இருந்தது. ஏழு மாதம் ஒரு சீப்புக்கும் குனியாதவள். முழங்காலை மடக்கிக் குனிந்தேன். வலி பழைய இடத்திலிருந்து சுருக்கென்று கிளம்பியது. இதோ உடையப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உடையவில்லை. வலித்தது, அவ்வளவுதான். பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினேன். கட்டைகள் கடகடவென்று ஆடின. நானும் ஆடினேன்.

"வெய்யிடி கீழ! சூளைக்குப் போறத்துக்குள்ள எல்லாத்தயும் ஒடச்சுப்புடுவ!"

ஸ்டூல் பின்னால் விழுகிற சத்தம் கேட்டது. அவர் கை பலகைக்கு அடியில் வந்திருந்தது. முகம் சுருங்கியிருந்தது, ஆனாலும் நிமிர்ந்து நின்றார். என் கையிலிருந்து வாங்கி டிராலியில் வைத்துவிட்டு, அப்புறம்தான் தான் செய்தது என்ன என்று தெரிந்தவராக இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் பாத்தது தப்புங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "ஒங்க முதுவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லதத்தான் கழிச்சுட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த யூனிட்டுக்குள் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வாய் ஓரத்தில் பழைய சிரிப்பு மெதுவாக வந்தது.

"என்னா சொன்ன? மிசினு சத்தத்துல காதுல வுழல."

மிஷின் எதுவும் அப்போது ஓடவில்லை. நான் இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன். அவர் அடுத்த பலகைக்குக் குனிந்தார்.