விமானத்தின் மூக்குக்கு வைத்த கனம்

ஆடி மாதத்தில் ஒரு காலை. என் வீட்டுக்காரர் கூழ்ச்சட்டியை எடுக்கக் கையை நீட்டினார். கை நீண்டது, உள்ளங்கையும் விரலுமான பஞ்சா மட்டும் கூடவே வரவில்லை. மணிக்கட்டோடு மடிந்து, வாடிய கீரைத்தண்டு மாதிரி கீழே தொங்கியது.

"இன்னா மாமா, காலங்காத்தால கூத்து கட்டறே?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இடது கையால் வலது பஞ்சாவைத் தூக்கி நிறுத்தினார். விட்டதும் விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. "நிக்க மாட்டேன்னுதுமே" என்றார். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. சேக்காட்டில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எனக்குத் தெரிந்தது ஒரு வீடு, ஒரு மனுஷன், நான் செய்த ஒரு தப்பு. அவ்வளவுதான்.

அவர் தச்சர். சண்டைக்காலத்தில் மரவேலை படுத்துவிட்டதால் ஆவடிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரின் பட்டறையில் சேர்ந்தார். அடிபட்டு வரும் பட்டாளத்து லாரிகளில் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிவப்பு அடிப்பூச்சு பூச வேண்டும். சுரண்டும் தூள் மீசையில் இருக்கும், காது மடலில் இருக்கும், தூக்குச்சட்டி மூடியிலும் இருக்கும். இரண்டு வருஷம் அந்தத் தூளோடுதான் சோறு தின்றார். கடைசி மூன்று மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். நான் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். குடம் குடமாகக் கொடுத்திருப்பேன்.

கை விழுந்த பிறகுதான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரோடு வேலை செய்த பாஷா அண்ணன், பூந்தமல்லிக்காரர், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் எங்களை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் அதிகம் பேசாதவர். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். வலது முழுசாகத் தொங்கியது, இடது பாதி தொங்கியது. பிறகு மேலுதட்டை விரலால் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு. தினமும் அந்த முகத்தோடு பேசுகிறேன், அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை.

"என்ன வேலை?"

"பெயிண்ட் சொரண்டற வேலைங்க."

"அதான். பெயிண்ட்ல இருக்கிற விஷம் உடம்புல ஏறிடுச்சு." மணிக்கட்டுத் தொங்கல் (கையை மேலே தூக்குகிற நரம்பு சோர்ந்து, பஞ்சா கீழே விழுந்துவிடுவது) என்று சீட்டில் எழுதினார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே சாமி?"

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. கை வருமான்னு கேளு."

"வருங்களா?"

"விஷம் மேல ஏறாம இருந்தா நரம்பு மெதுவா உயிர் பிடிக்கும். ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். மறுபடி ஏறிச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

தச்சனுக்குக் கைதான் எல்லாம். வீடு திரும்பும் ரயிலில் அவர் இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அழவும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொடுத்த மருந்து கொஞ்சம்தான். பேதி உப்பு (குடலைக் கழுவத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது), நிறையப் பால், மணிக்கட்டு விழாமல் தாங்க ஒரு சிம்பு (துணி சுற்றிய பலகைப் பட்டை). பகலில் இரண்டு வேளை சிம்பைக் கழற்றிவிட்டு, விரலுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

பட்டறை வேலையை அன்றைக்கே விட்டாயிற்று. பெயிண்ட் விஷம் என்றார் அல்லவா, நான் வீட்டில் ஒரு சொட்டுப் பெயிண்ட் விடவில்லை. பச்சை பூசிய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கதவு நிலையில் பூசியிருந்ததை வெளியாள் வைத்துச் சுரண்டி, தரையை மூன்று தரம் கழுவினேன். இவளுக்குப் பேய் பிடித்துக்கொண்டது என்று தெருவே பேசியது. பேசட்டும் என்று விட்டேன்.

அந்த விஷத்துக்குப் பேர் என்ன என்று மட்டும் நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். கையைக் கூப்பிச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊட்டுவது பழகிவிட்டது. குளிப்பாட்டுவதும் பழகிவிட்டது. வேட்டி கட்டிவிடும்போது மட்டும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள், "இதுக்குப் பதிலா இந்தக் கைய வெட்டிப் போட்டிருந்தா கூட தேவலமே. கூடவே தொங்கிகினு கீது" என்றார். நான் முடிச்சை இறுக்கினேன். வேறென்ன செய்ய?

புரட்டாசியில் பாஷா அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். சண்டை முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம். கப்பலேறப் போன ஒருவன் விட்டுப்போனதாம். உள்ளே நெட்டி மாதிரி கனமே இல்லாத மரக்குச்சிகள், பலகைத் துண்டுகள், மெல்லிய காகிதம், மூக்கில் சுழல ஒரு விசிறி, ரப்பர் கயிறு, நாலாக மடித்த ஒரு பெரிய வரைபடம்.

"ஏரோப்ளேன் மாமே! புதுசா பழகறவனுக்குன்னு போட்டிருக்கான். ஒட்டி முட்சா ஒரு முழ நீளம் வரும். டாக்டரு விரலுக்கு வேலை குடுக்கச் சொன்னாரே" என்றார் அண்ணன். வரைபடத்தில் விமானத்தின் வயிற்றுக்கு முன்னால் ஒரு சதுரம் காலியாக இருந்தது. அங்கே கம்பியில்லாப் பெட்டி ஒன்றை வைத்தால், தரையில் நின்றபடியே வானத்தில் போகிற விமானத்தைத் திருப்பலாம் என்று படித்துச் சொன்னார். வந்த சாமான்களில் அந்தப் பெட்டி இல்லை.

என் வீட்டுக்காரர் அந்தச் சதுரத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் கண்ணில் தச்சனைப் பார்த்தேன்.

வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதன் மேலேயே குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். கூட வந்த பசை காய்ந்து போயிருந்தது. அவருடைய தச்சுப் பசையான வச்சிரத்தைக் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு குண்டூசி எடுக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். எடுப்பார், விழும். நான் எடுத்துக் கொடுக்கப் போனால், "கைய எடு" என்று சீறுவார். எடுக்காமல் உட்கார்ந்திருந்தால், "பாத்துகினே கீறியே, கல்லா நீ?" என்பார். இரண்டுக்கும் திட்டு வாங்கினேன்.

ஆனால் இறக்கையின் விலாக்குச்சிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஐப்பசிக் கடைசியில் இடது பஞ்சா நேராக எழுந்தது. வலது கை ஒரு விரற்கடை எழும்பியது. டாக்டர் பார்த்துவிட்டு, "அதே வேலையைச் செய்யட்டும்" என்றார். அன்றைக்கு நான் ரயிலடியில் ஒருத்தரும் பார்க்காத நேரம் பார்த்து நன்றாக அழுதேன்.

கார்த்திகையில் காகிதம் ஒட்டி முடிந்தது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டுமாம். நான்தான் தூக்கினேன். வால் தொப்பென்று சாய்ந்தது. அந்தப் பெட்டி இல்லாததால் மூக்கில் கனம் போதவில்லை என்றார் பாஷா அண்ணன்.

கனத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? என் தம்பி கொரட்டூர் ஏரியில் வலை போடுகிறவன். வலை தண்ணீரில் அமிழக் கட்டும் குண்டை நாங்கள் கடையில் வாங்கியதே இல்லை. அடுப்பில் கரண்டியை வைத்து ஈயத்தை உருக்கி, மணலில் குழி போட்டு வார்ப்போம். கயிற்றில் கோர்த்துப் பல்லால் கடித்து இறுக்குவோம். என் அம்மா செய்தாள், நான் செய்தேன், தம்பி செய்கிறான். அரிசி களைவது மாதிரி எங்களுக்கு அது ஒரு வேலை.

தம்பி ஒரு மூட்டை ஈயம் கொண்டுவந்து போட்டான். நான் உருக்கினேன். கனம் அதிகமானால் மூக்கு குத்தும், குறைந்தால் வால் சாயும். அதனால் தினமும் உருக்கி, தினமும் வார்த்தேன். அடுப்பு எரிகிறதே என்று தம்பியும் தன் குண்டுகளை அங்கேயே வார்த்துக்கொண்டான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வலது கையால் பிடிக்க முடியாததால் ஈயத்துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் அரம் போட்டு ராவுவார். பொடி மடியில் கொட்டும், உதட்டில் ஒட்டும். நான் முந்தானையால் துடைத்துவிடுவேன். கரண்டியைக் கழுவிவிட்டு அதிலேயே குழம்பு ஊற்றினேன்.

மார்கழி பிறந்ததும் வயிற்று வலி திரும்ப வந்தது. பத்தே நாளில் வலது கை மறுபடி முழுசாக விழுந்தது. இடதும் தளர்ந்தது. பாலை இரண்டு மடங்காக்கினேன். வீடு பூராவும் எங்கே பெயிண்ட் ஒளிந்திருக்கிறது என்று நாய் மாதிரி மோந்து மோந்து பார்த்தேன்.

டாக்டர் உதட்டைத் தூக்கினார். மங்கிப் போயிருந்த கோடு மறுபடி கறுத்திருந்தது. "பட்டறைக்குப் போறியா?" என்று அதட்டினார்.

"சத்தியமா இல்லீங்க."

"வீட்ல என்னத்தத் தொடறான்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சாமி. நீங்க சொன்ன மாதிரி விரலுக்கு ஏரோப்ளேன் செய்யறாரு. மரம், காயிதம், வச்சிரம். மூக்குக்குக் கொஞ்சம் ஈயம்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "எவ்ளோ நாளா?"

நான் சொன்னேன். உருக்கியது, வார்த்தது, பல்லில் கடித்தது, கரண்டி, எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"பெயிண்ட்ல இருக்கிற விஷமே அதுதாம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நாங்கல்லாம் பொறந்ததுலேர்ந்து கடிக்கிறோங்களே! எனக்கு ஒண்ணும் ஆவலியே!"

"உங்களுக்கும் ஏறித்தான் இருக்கும். இவன் உடம்பு ஏற்கெனவே நிறைஞ்ச குடம். நீ மேல மேல ஊத்தியிருக்கே."

என் தலையில் இடி விழுந்தது என்று எழுதலாம். அப்படியெல்லாம் ஒன்றும் விழவில்லை. என் கையைப் பார்த்தேன். நன்றாக நின்றது, பத்து விரலும் அசைந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் காலடியில் உட்கார்ந்து, "நான்தான் மாமா குடுத்தேன், நான்தான் குடுத்தேன்" என்று அரற்றினேன். அவர் என் தலையில் கையை வைக்க முயன்றார். கை என் காதில் பட்டு நழுவியது.

கரண்டி, அரம், ஈய மூட்டை எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தேன். தம்பியை இனிமேல் கடிக்காதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பிறகு தை, மாசி என்று இரண்டு மாதம். சிம்பு கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன். தினமும் விடிந்ததும் பார்ப்பேன், தொங்கும். விளக்கு வைக்கும்போது பார்ப்பேன், தொங்கும். இடது கை மெல்லத் தெளிந்தது. வலது கை செத்தவன் கை மாதிரி கிடந்தது. எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டரைக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

விமானம் பரண்மேல் கிடந்தது. அதைக் கண்டாலே எனக்கு எரியும். பங்குனியில் அவராகவே, "அத எறக்குமே" என்றார். மூக்கில் இருந்த ஈயத்தை நானே தோண்டி எடுத்தேன். பதிலுக்கு ஏரிக்களிமண்ணை உருட்டி அப்பினேன். இரண்டு விரலில் தூக்கினேன், சமமாக நின்றது. சனியன், களிமண்ணே போதுமாயிருந்திருக்கிறது.

ஏரிக்கரைக்குக் கீழே அறுப்பு முடிந்த வயலுக்குப் போனோம். விசிறியைச் சுற்றி ரப்பரை முறுக்கியது நான், எறிந்ததும் நான். அவர் பக்கத்தில் நின்றார். விமானம் ஒரு தென்னை உயரம் ஏறியது. ஏறி, இடது பக்கமாகச் சாய்ந்து, ஏரியைப் பார்த்துத் திரும்பியது. தண்ணீரில் விழுந்தால் காகிதம் கரைந்துவிடும். தரையிலிருந்து எங்களால் என்ன செய்ய முடியும்?

"ஐயோ, அந்தாண்ட போவாத! இந்தாண்ட வா, இந்தாண்ட!" என்று அவர் கத்தினார். கத்திக்கொண்டே வலது கையை நீட்டி, மாட்டை மறிப்பது போல மறித்தார். பஞ்சா எழுந்தது. இரண்டு விரற்கடை எழுந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, விழுந்தது. அவருக்கு அது தெரியாது. அவர் கண் வானத்தில் இருந்தது, என் கண் அவர் மணிக்கட்டில்.

"எங்க உயுந்துது? பாத்தியா?"

"பாக்கல மாமா."

"இன்னா பொம்பளமே நீ! எனக்கு வெயில்ல கண்ணு கூசுது, ஒன்னத்தான நம்பினேன்! ஆறு மாசத்து வேல!"

பொழுது சாயும் வரை கரையோரம் தேடினோம், கிடைக்கவில்லை. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பஞ்சா எழுந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் உடனே தூக்கிப் பார்ப்பார். கண்ணெதிரே அது தொங்கினால், அதை அவரும் தாங்கமாட்டார், நானும் தாங்கமாட்டேன்.

பஞ்சா மறுபடி எழுந்தது பதினொரு நாள் கழித்து. இன்றைக்கு அந்தக் கை உளி பிடிக்கும், இழைப்புளி தள்ளாது. கடைசி இரண்டு விரல் வரவேயில்லை. யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் மணிக்கட்டைத்தான் என் கண் தேடுகிறது. மாதம், வருஷம் என்ற கணக்கும் எனக்குப் போய்விட்டது. காலையில் அவர் கிண்ணத்துக்குக் கையை நீட்டுவதற்கும், அது எழுவதற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்த ஏரோப்ளேன் எங்கே விழுந்தது என்று இப்போதும் எப்போதாவது கேட்பார். நான் பார்க்கவில்லை என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.