அப்பா வாழ்த்திய ஊர்

போன வைகாசியில், எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போது நடந்தது இது. ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. நான் வாக்கப்பட்டது தூத்துக்குடியில். கணவருக்கு ஹார்பரில் வேலை. அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார்.

அப்பா நாடக நடிகர். ராஜா வேஷத்துக்குப் பெயர் போனவர். இந்தக் கரையோரத்தில் அவர் ஏறாத மேடை இல்லை, எங்கள் ஊர் மேடையைத் தவிர! பக்கத்து ஊரான பெரியதாழைக்காரர்கள் தங்கள் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரிலோ, "கடையில பொட்டலம் மடிச்ச பயலுக்கு ராஜா வேஷம் ஒரு கேடா?" என்று சிரித்துவிட்டு மதுரையிலிருந்து ஆள் கூட்டி வருவார்கள். "உள்ளூர் மாடு வெல போகாது மக்கா" என்று அப்பாவும் சிரிப்பார். ஆனால் கொடை நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போதைய கமிட்டித் தலைவர் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. கொடைக்கு முன்னால் எங்கள் வீடு தேடி வந்தார்.

"ஏளா, ஒங்க அப்பாவ இத்தன காலமும் கூப்பிடாம விட்டது பெரிய தப்பு. இந்தக் கொடையில மேடையேத்தி ஊர் மரியாத செய்யணும்" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "இப்பதான் ஒங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுதா அண்ணாச்சி? அப்பாவுக்கு ஞாபகம் தப்பிட்டு. சில நாள் என்னையே யாருன்னு கேக்காரு. கூட்டிட்டு வாரேன். ஆனா மைக்க மட்டும் அவரு கையில குடுத்துராதீய" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

கொடையன்று சாயங்காலம் காரில் போகும்போது, "நம்ம ஊருக்குப் போறோம்ப்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். மேடையில் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊரே கைதட்டியது. கீழே உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஒரு வார்த்த பேசுங்க ஐயா!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் ஆசையில் மைக்கை நீட்டிவிட்டார். நான் பதறி எழுந்தேன்.

நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேடையேறியதும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் முதல் வாழ்த்து. பெயர் மாறிவிட்டால் அவ்வளவுதான், கல் பறக்கும். அப்பா ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அவர் நிமிர்ந்து நின்றார். அதே பழைய குரல்.

"பெரியதாழைப் பெருமக்களே!"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவர் கையை உயர்த்தினார், அடங்கியது.

"வருஷம் தவறாம எனக்குச் சோறு போட்ட ஊரு இது. எனக்கும் சொந்த ஊருன்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துலதான். அங்கன நான் வேஷம் கட்டுனதே இல்ல. அவுக கூப்பிடல. வருத்தமில்ல... ஒரே ஒரு மட்டம் கூப்பிட்டா காசு வாங்காம ஆடுவேன். அங்கன யாரையாச்சும் பாத்தா சொல்லுங்க."

முன்வரிசைப் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். "இதுதாம்ப்பா நம்ம ஊரு" என்று சொல்ல நான் மேடைக்கு ஓடினேன். அண்ணாச்சி கைகாட்டி என்னைத் தடுத்துவிட்டு, அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுதோம் ஐயா. கண்டிப்பா அவுககிட்ட சொல்லுதோம்" என்றார்.

திரும்பும்போது அப்பா, "பெரியதாழைக்காரங்க நல்ல சனங்க" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "நம்ம ஊர்ல சொல்லுவாகளா?" என்று கேட்டார். "சொல்லுவாகப்பா" என்றேன்.

அன்று ஊரில் பாதிப்பேர் அழுதார்களாம், போனில் சொன்னார்கள். அழுது என்ன பிரயோசனம்? ஒருவரைப் பாராட்ட மனது வந்தால் இப்போதெல்லாம் நான் நல்ல நாள் பார்ப்பதில்லை, அப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊர் மரியாதை செய்து முடித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது; வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், "ஊர்ல இருந்து கூப்பிட வந்திருக்காகளா?" என்று அப்பா இன்னமும் எட்டிப் பார்க்கிறார்.